கலைச்சொல் வேண்டும்: கப்பலில் ‘வாட்ச்’ (சனிக்கிழமைக்குள்)

ராயபுரம் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஞாயிறு இலவச வகுப்புக்கு ஒரு கையேடு அச்சுக்குப் போகிறது. கடற்படையில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்கிறவர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டியவை அதில் வரும்: கப்பலின் உறுப்புகள், பதவி வரிசை, கடலில் வழிவிடும் விதிகள், கடற்படை அடிப்படையாகச் சொல்லும் கடமை, மானம், துணிவு ஆகிய மூன்றும். பிள்ளைகளில் பாதிப் பேர் காசிமேடு, புதுமனைக்குப்பம். தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறவர்கள். எழிமலை அகாடமிக்குப் போனபின் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்பது தெரியும். அதற்கு முன் விஷயம் தமிழில் மனதில் ஏறட்டும் என்பதற்குத்தான் இந்தக் கையேடு.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கப்பலில் நாளை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்து, ஆள் மாற்றி ஆள் பொறுப்பில் நிற்பதை ‘வாட்ச்’ என்கிறார்கள். அந்த நேரத்துக்குக் கப்பலை நடத்துகிறவர் ‘ஆபீசர் ஆஃப் தி வாட்ச்’. ‘கண்காணிப்பு அதிகாரி’ என்று எழுதிக் காட்டினேன். “சிசிடிவி பாக்குறவரா மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். ‘காவல் அதிகாரி’ என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். சனிக்கிழமை மதியம் மண்ணடி அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். உதவுங்கள்.

தண்டையார்பேட்டைப் புலவர்:

அம்மா, நான்கு மணி நேரம் என்ற அளவு நமக்குப் புதிதா? சிறுபொழுது ஆறு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம் என்றால் பத்து நாழிகை சரியாக நான்கு மணி நேரம். மேலைக் கப்பல்கள் மணியடித்துப் பிரித்துக்கொண்ட அதே அளவில் நம் இலக்கணம் நாளைப் பிரித்திருக்கிறது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர்க் கன்னலை, அதாவது நீரால் பொழுதளக்கும் கருவியை, பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவிக்கிறார்கள். கப்பலில் அரை மணிக்கொரு முறை மணியடிப்பதும் அந்தத் தொழில்தான்.

காவல் என்ற பொருளுக்கு ‘ஏமம்’ இருக்கிறது. 306-ஆம் குறளில் ‘ஏமப் புணை’ என்கிறார் வள்ளுவர். காக்கும் தெப்பம்! கடற்படைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? வாட்ச் என்பதற்கு ‘ஏமப்பொழுது’. பொறுப்பில் நிற்பவர் ‘ஏமப்பொழுதர்’.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா மன்னிக்க வேண்டும். ஏமம் இன்று அகராதியில் மட்டும் இருக்கிறது. பிளஸ் டூ மாணவன் ஏமாற்றத்தைத்தான் நினைப்பான்.

சிறுபொழுதுப் பொருத்தமும் பாதிதான் நிற்கிறது. நீளம் ஒன்று, தொடக்கம் வேறு. யாமம் இரவு 10 முதல் 2 வரை; கப்பலின் நடு வாட்ச் நள்ளிரவு 12 முதல் 4 வரை. தவிர மாலை 4 முதல் 8 வரை உள்ள நேரத்தை இரண்டிரண்டு மணியாக உடைத்து ‘டாக் வாட்ச்’ என்று வைத்திருக்கிறார்கள். அப்படி உடைத்தால் நாளுக்கு ஏழு முறை வரும். ஒரே குழு தினமும் நள்ளிரவில் மாட்டாது. இந்த நியாயமான ஏற்பாட்டுக்குச் சிறுபொழுதில் இடமில்லை.

என் பரிந்துரை ‘பாரா’. தமிழ்நாட்டுப் போலீசில் இன்றைக்கும் ‘பாரா டியூட்டி’ என்றுதான் சொல்கிறார்கள். புழக்கத்தில் இருக்கிறது, இரண்டே எழுத்து.

தண்டையார்பேட்டைப் புலவர்:

பாரா உருதுவின் வழி வந்த ‘பஹரா’. வேண்டவே வேண்டாம். ஆயினும் ஒன்று சிந்திக்கலாம். பார் என்ற வேரிலிருந்து பார்வை, பாராமரிப்பு என்று ஒரு கிளையே விரிகிறது. கண்ணை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்வது பாரா. வடக்கே போய் ‘ஹ’ சேர்த்துக்கொண்டு திரும்பியிருக்கக் கூடாதா?

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:

பராமரிப்புதான் ஐயா, பாராமரிப்பு அல்ல. பஹராவின் மூலம் வடமொழிப் ‘ப்ரஹர’. மூன்று மணி நேரப் பொழுது என்று பொருள். அதாவது அங்கேயும் பொழுதின் பெயர்தான் காவலின் பெயராகியிருக்கிறது. ஆங்கிலத்திலோ வாட்ச் என்பதும் விழித்திருத்தலைக் குறிக்கும் ‘வேக்’ என்பதும் ஒரே வேர். ஆக உலகம் இதற்கு இரண்டு வழிகளில் பெயர் வைத்திருக்கிறது, பொழுதை வைத்து ஒன்று, விழிப்பை வைத்து ஒன்று. நாம் எதை எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்தால் சொல் தானே வரும்.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற கடற்படையினர்:

எல்லா மடலையும் படித்தேன். நான் மாலுமியாகப் பணியாற்றியவன், அதிகாரி அல்ல. ஆனால் பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்தும் மேல்தள அறையில், எத்தனையோ அதிகாரிகளின் பக்கத்தில் சுக்கான் பிடித்து நின்றிருக்கிறேன். சொல்லைத் தேடுமுன் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நல்லது.

வாட்ச் மாற வருகிறவர் நேரத்துக்கு வந்தால் போதாது, முன்னாலேயே வர வேண்டும். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். பிரிட்ஜில் வெள்ளை விளக்கு கிடையாது, சிவப்பு வெளிச்சம்தான். வந்தவர் முதலில் கேப்டனின் இரவு உத்தரவுப் புத்தகத்தைப் படிப்பார். பிறகு போகிறவர் ஒவ்வொன்றாக ஒப்படைப்பார்: கப்பலின் திசை, வேகம், சுற்றிலும் எத்தனை கப்பல், எது எந்தப் பக்கம் போகிறது, எந்த மீன்பிடிப் படகு விளக்கில்லாமல் நிற்கிறது. எல்லாம் கேட்டுப் புரிந்தபின் வருகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பொறுப்பை எடுத்துக்கொண்டேன் என்று. அந்த வார்த்தை வரும்வரை கப்பல் பழைய ஆள் கையில். வந்தவர் உடம்பு சரியில்லாமலோ தள்ளாடியோ நின்றால் ஒப்படைக்கவே கூடாது, கேப்டனைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. கேப்டனே பிரிட்ஜுக்கு வந்து பக்கத்தில் நின்றாலும், “நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று அவர் சொல்லாதவரை பொறுப்பு இந்த இளம் அதிகாரியுடையதுதான். இருபத்துச் சொச்ச வயதுப் பையன், கீழே அத்தனை பேர் அவனை நம்பித் தூங்குகிறார்கள். சந்தேகம் வந்தால் கேப்டனை எழுப்பத் தயங்கக் கூடாது. திட்டுவாரோ என்று எழுப்பாமல் இருப்பதுதான் குற்றம். புது அதிகாரிக்குக் கற்றுத்தர வேண்டிய துணிவில் இதுவும் சேர்த்தி என்று நான் நினைக்கிறேன். நம் கடற்படையின் குக்ரி கப்பல் 1971 டிசம்பர் 9 அன்று மூழ்கியபோது கேப்டன் முல்லா மற்றவர்களைத் தப்பவிட்டுத் தான் கப்பலோடு போனார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். அதைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள். ஆனால் அந்தத் துணிவு ஒரே நாளில் வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பார்க்காதபோதும் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கத்திலிருந்து வருகிறது.

ஆகவே சொல்லில் ‘பொறுப்பு’ இருக்க வேண்டும். பார்ப்பது மட்டும் வாட்ச் ஆகாது. ‘பொழுதுப் பொறுப்பு அதிகாரி’ என்று வையுங்கள்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா, உங்கள் மடலை அப்படியே கையேட்டில் சேர்க்கலாம். ஆனால் ‘பொழுதுப் பொறுப்பு’ காதில் விழும்போது பொழுதுபோக்கு ஞாபகம் வருகிறது. இந்த வேலைக்கு அந்த நிழல் விழக் கூடாது. புணர்ச்சியிலும் ஒரு சிக்கல். பொழுதுபோக்கில் ஒற்று மிகவில்லை, பொழுதுப் பொறுப்பில் ஏன் மிகுகிறது என்று கேட்பார்கள்.

தண்டையார்பேட்டைப் புலவர்:

கேட்பவருக்கு நான் விடை சொல்கிறேன். பொழுது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், இயல்பாகவும் வரும். ஆனால் ‘அரசுப் பள்ளி’ என்று ஊரே எழுதுகிறதே, அரசும் உயிர்த்தொடர்தான்!

காசிமேட்டுத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவுல படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. அப்பா விசைப்படகுல போறவரு. நானும் லீவுல போயிருக்கேன்.

ராத்திரி வலை விட்டுட்டு எல்லாரும் படுத்துடுவாங்க. ஒருத்தர் மட்டும் உக்காந்திருப்பாரு. கப்பல் வருதா, நம்ம போட்டு ஓட்டத்துல இழுத்துக்கிட்டுப் போவுதான்னு பாக்குறது அவரு வேல. “முழிப்பு யாரு?”ன்னு கேப்பாங்க. “இன்னிக்கு என் முழிப்பு”ம்பாங்க. முழிப்பு மாத்தும்போது தட்டி எழுப்பி, அவன் மூஞ்சி கழுவிட்டு வந்தப்புறந்தான் இவரு படுப்பாரு. எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் போற கப்பலுங்க நம்ம பக்கமாத்தான் போவும். தூரத்துல ஒரு வெளக்கு தெரியும். அது நம்மளுக்கு அதே பக்கமா நின்னுக்கிட்டே பெருசாயிக்கிட்டே வந்தா நம்ம மேலதான் வருதுன்னு அர்த்தம். உடனே எஞ்சின் போடணும். பெரியவர் சொல்ற வாட்சும் இதுதானே. வார்த்த ஏற்கெனவே இருக்கு.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற கடற்படையினர்:

தம்பி சொல்கிற விளக்கு சங்கதி சர்வதேசக் கடல் விதியிலேயே இருக்கிறது. எதிர்க் கப்பல் தெரியும் கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் நிச்சயம். அகாடமியில் வகுப்பெடுத்துச் சொல்வதை இந்தப் பிள்ளைகள் சிறு வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். ஆசிரியை இதை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

எண்ணூர் வாசகர்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 2017 ஜனவரி 28 விடியலுக்கு முன் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் பாறை பாறையாக ஒட்டிக்கொண்ட அந்தக் கறுப்புக் குழம்பை வாளியில் அள்ளியவர்களில் நானும் ஒருவன். கையுறை கிழிந்தால் தோலில் ஒட்டும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் சீக்கிரம் போகாது. பிள்ளைகளுக்கு வாட்ச் என்றால் என்ன என்று விளக்க வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம்.

தண்டையார்பேட்டைப் புலவர்:

அதற்கும் முன்னே 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதே! கரையில் விழிப்பு இல்லாததன் விளைவு அது. இன்றும் கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்கிறோம். ஒரு போர்க்கப்பலின் பெயர் தமிழில் பண்புப் பெயராக மாறியதைப் பற்றித் தனி இழை தொடங்க வேண்டும்.

‘முழிப்பு’ கொச்சை. அச்சில் ‘விழிப்பு’ என்றே வர வேண்டும். இன்னும் பொருத்தமாக வள்ளுவர் ‘தூங்காமை’ என்கிறார். ‘தூங்காமை கல்வி துணிவுடைமை இம்மூன்றும் நீங்கா நிலனாள் பவர்க்கு.’ கையேட்டின் முகப்பிலேயே இதைப் போடலாம். ஒரு படை அதிகாரிக்கு வேண்டிய மூன்றும் ஒரே அடியில் இருக்கின்றன.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:

முகப்புக்குப் பொருத்தம்தான். கலைச்சொல்லுக்கு வேண்டாம். பரிமேலழகர் அங்கே தூங்காமைக்கு விரைவுடைமை என்று உரை சொல்கிறார், உறங்காமை என்று அல்ல. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்பதிலும் தாழ்த்தல்தான் பொருள்.

‘முழிப்பு’ கொச்சை என்பதை நான் ஏற்கவில்லை. கடலில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் அந்த வேலைக்கு வைத்திருக்கிற பெயர் அது. அதே சமயம் ‘விழிப்பு’ என்று மட்டும் போட்டால் விழிப்புணர்வுப் பேரணி மாதிரி ஆகிவிடுகிறது. தம்பியின் முழிப்பையும் புலவர் ஐயாவின் பொழுதையும் சேர்த்து ‘விழிபொழுது’ என்று வைத்துப் பாருங்கள். வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல ஒற்று மிகாது. விழித்த, விழிக்கின்ற, விழிக்கும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்குகிறது. ஒருவர் முடித்து, ஒருவர் நின்று, ஒருவர் வரப்போகிற முறைக்கு அது பொருந்துகிறது.

ராயபுரம் ஆசிரியை:

நன்றி. நேற்று மாலை பலகையில் ஏமப்பொழுது, பாரா, பொழுதுப் பொறுப்பு, விழிபொழுது, முழிப்பு எல்லாவற்றையும் எழுதிப்போட்டு, எதைக் கேட்டால் என்ன புரிகிறது என்று எழுதச் சொன்னேன். முழிப்புக்குத்தான் அதிகம் பேர் சரியாக எழுதினார்கள். விழிபொழுது அடுத்து. ஏமப்பொழுதுக்கு ஒருவரும் எழுதவில்லை ஐயா, வருத்தப்பட வேண்டாம்.

நேரமில்லை. ‘விழிபொழுது’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘வாட்ச்’ என்பதையும் ‘முழிப்பு’ என்பதையும் பக்கத்தில் தருகிறேன். அதிகாரி ‘விழிபொழுது அதிகாரி’. மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்: சம்மதம்.

எண்ணூர் வாசகர்: சம்மதம்.

காசிமேட்டுத் தம்பி: ஓகே மிஸ். எனக்கு முழிப்பே போதும், ஆனா பரவால்ல.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற கடற்படையினர்:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்க மாட்டேன். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கண் திறந்திருப்பது வேறு, கப்பல் கையில் இருப்பது வேறு. இந்தச் சொல் முதலாவதைத்தான் சொல்கிறது. சொல்லில் இடமில்லை என்றால் அந்தப் பக்கத்தில், “எடுத்துக்கொண்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும்வரை பொறுப்பு மாறாது” என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தண்டையார்பேட்டைப் புலவர்:

நானும் ஒப்பவில்லை. ஏமம் பற்றி விரிவான கட்டுரை எழுதி அனுப்புகிறேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

ராயபுரம் ஆசிரியை:

அண்ணா, அந்த வரி சேர்ந்துவிட்டது. அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஒற்றுச் சேர்த்து ‘விழிப்பொழுது’ என்று திருத்தியிருக்கிறார்கள். ப் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

தண்டையார்பேட்டைப் புலவர்:

ப் இருக்கட்டும் அம்மா. விழியாகிய கண்ணைப் பெயராகக் கொண்டால் ஒற்று மிகுவதே முறை.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:

ப் எடுக்கச் சொல்லுங்கள். வினைத்தொகை.