மும்பை ரீஜன் முடங்கினால் எங்கள் டேட்டாபேஸை எப்படி மீட்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் நிறுவனத்தின் ஆர்டர், பில்லிங் மென்பொருள் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் (அந்த வட்டார டேட்டா சென்டர்களின் தொகுப்பில்) ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் இயங்கும் டேட்டாபேஸை நாங்களே பராமரிக்கிறோம். இரவுதோறும் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து நிலையின் நகலும்) அதே ரீஜனில், அதே அக்கவுண்டில்தான் கிடக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒருசேர இழந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஹைதராபாத் ரீஜனில் இன்னொரு முழு அமைப்பை ஓட்ட நிர்வாகம் பணம் ஒதுக்காது. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. ஆனால் எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்கும், எத்தனை நிமிடப் பதிவுகள் போனால் கையால் மறுபடி எழுத முடியும் என்பதை முதலில் பில்லிங் பிரிவினரிடம் கேளுங்கள். இரவு ஸ்னாப்ஷாட்டை மட்டும் நம்பினால், மாலை ஆறு மணிக்குப் பழுதாகும்போது அன்றைய பில்கள் அனைத்தும் போய்விடும். வாரம் ஒரு முழுப் பிரதியையும், இடைப்பட்ட டிரான்ஸாக்‌ஷன் லாக் கோப்புகளை (டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவை) சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் ஹைதராபாத்துக்கு அனுப்பினால், பெரும்பாலும் சேமிப்புச் செலவோடு முடிந்துவிடும். சர்வர்களைத் தேவைப்படும்போது எழுப்பிக்கொள்ளலாம்.

மறுமொழி 2:
ரீஜனைவிட அக்கவுண்ட்தான் எனக்குக் கவலையளிக்கிறது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் அமைப்பு, தீயாலோ வெள்ளத்தாலோ அல்ல, ஒரு தவறான அமைவால் நீக்கப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அட்மின் பாஸ்வேர்டு திருடுபோனாலும் இதே கதிதான். ஆகவே பிரதியை வேறு அக்கவுண்டில், குறிப்பிட்ட காலம்வரை யாராலும் அழிக்க இயலாதபடி ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பான எஸ்3-இல் ஆப்ஜெக்ட் லாக் என்ற பூட்டைப் போட்டு வையுங்கள்.

மறுமொழி 3:
மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடைச் சேமித்துப் பராமரிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, போஸ்ட்கிரெஸ் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் நெடுநாளாகவே எடுக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் எவரையும் சென்றடையவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று புதிய அக்கவுண்ட் ஒன்றில் ஸ்னாப்ஷாட்டை மீட்க முயன்றேன், முடியவில்லை. ஏடபிள்யூஎஸ் தானாகத் தரும் சாவியால் அது என்கிரிப்ட் (குறியாக்கம்) செய்யப்பட்டிருப்பதால், வேறு அக்கவுண்டுக்குப் பகிரவே இயலாதாம். நாங்களே உருவாக்கிய சாவியால் மறுபடி பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும், மீட்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.