மினி 2 வாங்கலாமா, மினி 3 வாங்கலாமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியை மேலிருந்து படம் பிடிக்க டிரோன் தேடுகிறேன். செகண்ட்ஹேண்டில் டிஜேஐ மினி 2 கிடைக்கிறது. 2020இல் வந்தது, 4கே எடுக்கும், விலையும் கைக்கு அடக்கம். ஆனால் பூக்குழி இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். ஒளியை வாங்கும் அதன் சின்ன 1/2.3 அங்குல சென்சாரில் நெருப்பு மட்டும் வெளுத்து, சுற்றி நிற்கும் முகங்களெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடுமே என்பதுதான் கவலை.

2022இல் வந்த மினி 3-க்கு அதைவிடப் பெரிய 1/1.3 அங்குல சென்சார், வெளிச்சத்தைக் கூடுதலாக உள்ளே விடும் எஃப்1.7 லென்ஸ். மனசு அந்தப் பக்கம்தான். இரண்டிலுமே முன்னால் இருப்பதை உணரும் வசதி கிடையாது; செம்பனை மட்டையில் மோதாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருக்கலில் இரண்டையும் பறக்கவிட்டவர்கள் சொல்லுங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறதா? பழைய பேட்டரியை நம்பலாமா? அப்புறம், கூட்டம் உள்ள இடத்துக்கு சிஏஏஎம் (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வாங்கியவர்கள் வழி சொன்னால் பெரிய உதவி.