கிட்டேவ் சங்கிலியில் விலக்கலை எவ்வளவு ஏற்றினாலும் மேஜரானா போகவில்லை, உதவுங்கள்

யஷ்வந்த்பூர்_மொட்டைமாடி:
வணக்கம். பெங்களூரில் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட். கிட்டேவின் 2001 சங்கிலியில் (இரு முனைகளிலும் மேஜரானா என்ற பூஜ்ய ஆற்றல் நிலை தோன்றும் மீகடத்தி மாதிரி) அடுத்தடுத்த எலக்ட்ரான்களுக்கு விலக்கல் 'யு' சேர்த்து, பைத்தானில் முழு மேட்ரிக்ஸையும் தீர்க்கிறேன். எலக்ட்ரான் பக்கத்துத் தளத்துக்குத் தாவும் அளவு, ஜோடி சேரும் அளவு (இணையாக்கம்) இரண்டும் 'டி'. மியூ (எலக்ட்ரான் எண்ணிக்கையை ஏற்றி இறக்கும் வேதி அழுத்தம்) பூஜ்யம். 13 தளம், முனைகள் திறந்தவை. யு 4டி-யைத் தாண்டினால் முனை மேஜரானா போய்விட வேண்டும் என்கிறார் கைட். எனக்கோ 6டி, 10டி எதிலும் இரட்டை, ஒற்றைப் பேரிட்டிகளின் (எலக்ட்ரான் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்பது) அடிநிலை ஆற்றல் ஒன்றாகவே, அதாவது மேஜரானா இருப்பது போலவே, வருகிறது. வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும்!

ஃபில்டர்_காபி:
விலக்கலை எழுதும்போது ஒவ்வொரு அடர்த்தியிலும் அரை கழித்தீர்களா? இல்லையென்றால் மியூ நகர்ந்துவிடும். அதுவும் முனைத் தளங்களில் பாதி அளவுதான் நகரும். நான் ஒரு மாதம் தொலைத்தது இதில்தான்.

யஷ்வந்த்பூர்_மொட்டைமாடி:
கழித்திருக்கிறேன் அண்ணா. ஜோர்டன்-விக்னர் உருமாற்றம் வழியாக ஸ்பின் சங்கிலியாக மாற்றியும் ஓட்டினேன். அதே விடை.

எட்டாவது_கிராஸ்:
தம்பி, 5 தளம் போட்டுப் பாருங்கள். அதிலும் சுத்தமான பூஜ்யம் வரும். ஆனால் அது மேஜரானாவுக்குச் சாட்சி இல்லை; மியூ பூஜ்யமானால் ஒற்றை எண் தளங்களில் யு எதுவானாலும் அப்படித்தான் வரும். யு இருக்கும்போது இரட்டை எண் தளங்களில்தான் நிஜ மேஜரானாவுக்குப் பிளவு (இரு பேரிட்டிகளின் ஆற்றல் வித்தியாசம்) சின்னச் சங்கிலியில் தெரியும், நீளம் கூடக் கூட அடுக்குக்குறியில் தேயும்.

சிக்கல் 13-இல் இருக்கிறது. யு பெரிதானால் எலக்ட்ரான்கள் கொரோனா காலத்துத் தியேட்டர் மாதிரி ஒன்று விட்டு ஒன்று உட்காரும். 13 இருக்கையில் அதற்கு இரண்டு வழி: 7 பேர், அல்லது 6 பேர். பேரிட்டி வேறு, ஆற்றல் ஒன்று. துகள்-துளை சமச்சீர் (நிரம்பிய தளத்தையும் காலித் தளத்தையும் மாற்றிப் போட்டாலும் ஆற்றல் மாறாதது) அதைக் கட்டாயமாக்குகிறது. நீங்கள் பார்ப்பது மேஜரானா இல்லை, அடர்த்தி அலை. 14 போட்டால் எந்த வழியிலும் 7 பேர்தான், வேஷம் கலைந்துவிடும்.

13-ஐயே வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் மியூவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 6டி-யில் பிளவு அதோடு சேர்ந்து ஏறும், சங்கிலியை நீட்டினாலும் குறையாது.

யஷ்வந்த்பூர்_மொட்டைமாடி:
14 போட்டேன். யு 2டி-யில் பிளவு 0.012டி, 6டி-யில் 1.28டி! 13-இன் தள அடர்த்தியையும் 6டி-யில் அச்சிட்டேன். ஒரு பேரிட்டியில் மேடாக இருக்கும் தளமெல்லாம் மற்றதில் பள்ளம். முதலிலேயே இதைப் பார்த்திருக்கலாம்.

ஃபில்டர்_காபி:
12, 16-உம் ஓட்டி, 2டி-யில் பிளவு தேய்வதை ஒரே படத்தில் போடுங்கள். கைட் அடுத்து அதைத்தான் கேட்பார்.

யஷ்வந்த்பூர்_மொட்டைமாடி:
12 முடிந்தது. 16-இல் லேப்டாப் மெமரி பத்தவில்லை அண்ணா, பேரிட்டி வாரியாகப் பிரித்து ஓட்டுகிறேன்.