டிசம்பரில் கதவைத் தட்டும் வெள்ளைச் சட்டைப் பையன்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சப்போரோ, ஜப்பான்

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் பலர் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். எப்போதும் இருவராகத்தான் வருவார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. மதம் பரப்ப வருகிற மார்மன் மிஷனரிகள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரைச் சொன்னால் அவர்களுக்குச் சந்தோஷம். 2018-இல் சபைத் தலைவரே மார்மன் என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் மார்மன்தான்.

எனக்கு அவர்களோடு பழக்கம் வந்தது பக்கத்து வீட்டு அம்மாவால். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஆசை. இந்தப் பையன்கள் ஜப்பானில் பல ஊர்களிலும் தங்கள் சர்ச்சில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வகுப்பு கலகலப்பாகத்தான் இருந்தது. முடிவில் கொஞ்ச நேரம் பைபிள் பேச்சு உண்டு, விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம். நானும் அந்த அம்மாவும் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்துவிடுவோம். அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை.

அப்புறம் பனி வந்தது. சப்போரோவில் ஒரு குளிர்காலத்துக்குச் சுமார் 5 மீட்டர் பனி விழும். இரண்டு கையாலும் தள்ளுகிற பெரிய பனிவாரி ஒன்று உண்டு, இங்கே மாமாசான் டம்ப் என்பார்கள். அதை வைத்துக் காலையில் வாசலைத் தள்ளாவிட்டால் கதவு திறக்காது. சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு நடந்து போய்க்கொண்டிருந்த இந்தப் பையன்கள், அந்த அம்மா வாசலைத் தள்ளுவதைப் பார்த்ததும் கேட்காமலே பனிவாரியை வாங்கிக்கொண்டார்கள். என் வாசலும் சேர்ந்து சுத்தமானது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு மாலை. என் கணவர் வேலையாகத் தோக்கியோ போயிருந்தார். கதவைத் தட்டி, வகுப்பில் பாட்டு நிகழ்ச்சி இருக்கிறது என்று அழைப்புச் சீட்டு நீட்டினார்கள். உள்ளே வாங்க என்றேன். வீட்டில் ஆண்கள் யாராவது பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார் ஒருவர். இல்லை என்றதும் இருவரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அது அவர்களுடைய விதி. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் போகக்கூடாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். சரி என்று வாசலுக்கு வெளியே இருக்கும் கண்ணாடித் தடுப்பு அறையில் நிற்க வைத்துவிட்டு, குடிக்க என்ன கொடுப்பது என்று யோசித்தேன். காபி கிடையாது, டீ கிடையாது. ஜப்பானிய வீடுகளில் கொடுக்கிற பச்சைத் தேநீரும் கிடையாது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-இல் சொன்ன உணவுக் கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது. வறுத்த பார்லி போட்டுக் கொதிக்க வைக்கும் முகிச்சாவுக்கு மட்டும் தடை இல்லையாம். என்னிடம் முகிச்சா இல்லை. சுக்கு, மல்லி தட்டிப் போட்டு, ஊரிலிருந்து வந்த கருப்பட்டியைக் கரைத்து, காகிதக் கோப்பையில் கொடுத்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் குடித்தார்கள். ஒருவருக்குக் காரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு கோப்பை கேட்டார்.

அந்தப் பையனுக்கு ஐடஹோ மாநிலம். அப்பா உருளைக்கிழங்கு விவசாயி. 19 வயது. அதற்கு முந்தைய வருடக் கிறிஸ்துமஸைப் பற்றிச் சொன்னார். ஜப்பானில் டிசம்பர் 25 விடுமுறை இல்லை. எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள். கடைகளில் மட்டும் பாட்டும் விளக்கும் இருக்கும். சாயங்காலம் கேஎஃப்சி வாசலில் வரிசை நிற்கும். 1974-இல் ஒரு விளம்பரத்தால் தொடங்கிய பழக்கம், இன்று வாரக்கணக்கில் முன்பதிவு செய்கிறார்கள். காதலர்கள் விளக்கு பார்க்கப் போவார்கள், குடும்பங்கள் ஸ்ட்ராபெர்ரி கேக் வெட்டும். அவ்வளவுதான். அவர் அன்று காலை 8 மணிக்கு வீட்டுக்குப் பேசியிருக்கிறார். அமெரிக்காவில் அவர் ஊரில் அப்போது 24-ஆம் தேதி மாலை 4 மணி. தம்பிகள் இன்னும் பரிசைப் பிரிக்கவில்லை. பேசி முடித்துவிட்டு டையைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினால், டிராமில் எல்லாரும் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பாவம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, கிறிஸ்துமஸ் பரவாயில்லை, ஜனவரிதான் கஷ்டம் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிசம்பர் 31 வந்துவிட்டால் ஜப்பானே வீட்டுக்குள் போய்விடும். ஹொக்கைடோவில் புத்தாண்டு விருந்தை அன்று இரவே தொடங்கிவிடுவார்கள், மற்ற ஊர்க்காரர்கள் முதல் தேதிதான் சாப்பிடுவார்கள். அடுத்த மூன்று நாள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கோவில், அதோடு சரி. அந்த நாட்களில் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் இவர்களும் தட்டுவதில்லை. தன் பண்டிகை அன்று ஊருக்கு அது பண்டிகை இல்லை, ஊரின் பண்டிகை அன்று தனக்கு அங்கே இடமில்லை. சினிமா, டிவி கிடையாது. கூட இருக்கும் துணைவரின், அதாவது ஜோடி மிஷனரியின், முகத்தையே பார்த்துக்கொண்டு, துணி துவைத்து, ஜப்பானிய எழுத்து எழுதிப் பழகி, மூன்று நாளைத் தள்ள வேண்டும்.

மதம் பரப்ப வருகிறவர்களை வீட்டில் சேர்க்கலாமா என்று என் மாமியார் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

லீஹை, யூட்டா

நான் இருப்பதே அவர்கள் கோட்டையில். சால்ட் லேக் சிட்டியிலிருந்து அரை மணி தூரம். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இளமையில் மிஷன் போய் வந்தவர்கள். ஒருவர் கொரிய மொழி பேசுவார், இன்னொருவர் பிரேசிலியப் போர்ச்சுகீஸ். பார்த்தால் ஊரைவிட்டே நகராதவர் மாதிரி இருப்பார்.

நீங்கள் பையன் பக்கத்துக் கதை சொன்னீர்கள், நான் அம்மா பக்கம் சொல்கிறேன். எதிர்வீட்டு அம்மாவின் மூத்த மகன் பெருவுக்குப் போயிருந்தான். பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். இடையில் ஊருக்கு வந்துபோவது கிடையாது. எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கிற உரிமையும் இல்லை, சபை சொல்லுகிற இடத்துக்குப் போக வேண்டியதுதான். செலவும் வீட்டுக்காசுதான். இப்போது அமெரிக்கக் குடும்பங்களுக்கு மாதம் 500 டாலர். அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது என்று நம் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு.

2019 பிப்ரவரிக்கு முன்னால் வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல்தான். போன் வருடத்தில் இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. இப்போது வாரா வாரம் வீடியோவில் பேசலாம். நான் சொல்வது அந்தப் பழைய காலத்துக் கிறிஸ்துமஸ். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தாத்தா, பாட்டி, சித்தி, சித்தப்பா என்று ஒரே கூட்டம். கேள்விகளைத் தாளில் எழுதி வரிசைப்படுத்தி வைத்திருந்தார் அந்த அம்மா. திரையில் மகன் வந்தான். இளைத்திருந்தான். வந்ததும் வணக்கத்தை ஸ்பானிஷில் சொல்லிவிட்டு, ஆங்கிலம் சட்டென்று வராமல் தடுமாறினான். வீடே சிரித்தது. அந்த அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், இதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நம் வீட்டில் என்ன கேட்பார்களோ அதேதான்.

ஒரு வேண்டுகோள். இவர்களுக்கு நீங்கள் சோறு போட்டால், ஒரு படம் எடுத்து அம்மாவின் எண்ணைக் கேட்டு அனுப்பி விடுங்கள். இங்கே அது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. எங்கோ ஒரு ஊரில் யாரோ முகம் தெரியாதவர் அனுப்பிய படத்தை எதிர்வீட்டு அம்மா தெரு முழுக்கக் காட்டினார்.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எனக்கு இந்த வீடு வீடாக வருகிற வேலையே பிடிக்காது. எந்த மதமானாலும் சரி. இங்கே டிசம்பர் 24 மதியத்தோடு கடையெல்லாம் மூடிவிடும், மாலை குடும்பத்துக்கு மட்டும். போன வருடம் 23-ஆம் தேதி ரயில் நிலையத்தில் என்னிடம் பேச வந்தார்கள். வேண்டாம் என்றேன். உடனே சரி என்று, எங்கள் கையிலிருந்த பெரிய பெட்டியைப் படியில் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், மறுக்கவில்லை. ஆனால் 18 வயதில் ஒரு பையனை வீட்டோடு பேச்சைக் குறைத்து, தனியாக நடக்கவும் விடாமல், எழுவது தூங்குவது எல்லாவற்றுக்கும் விதி வைத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையும் யாராவது பேசுங்கள்.

ஈப்போ, மலேசியா

ஸ்டுட்கார்ட் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். அந்தப் பெயர்ப் பட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு பிலிப்பைன்ஸில் இரண்டு வருடம் நடந்தவன் நான். தமிழன்தான். அப்பா காலத்திலேயே எங்கள் குடும்பம் அந்தச் சபையில் சேர்ந்துவிட்டது. பெரியப்பா வீட்டில் இன்றும் தீபாவளிதான், நாங்களும் முறுக்கு தின்னப் போவோம்.

விதிகள் இருந்தது உண்மை. காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். துணைவர் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றப் பட்டியல் வரும், நம் பெயர் இருந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள், எனக்கு அது திங்கட்கிழமை. துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத. என் முதல் துணைவனுக்கும் எனக்கும் ஒத்தே போகவில்லை. அவன் பேசமாட்டான், நான் பேசாமல் இருக்கமாட்டேன். விதியைவிட அதுதான் எனக்குக் கஷ்டம். சின்னப் பையன்களுக்கு இது எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாதியில் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் அவர்களைச் சிலர் பேசிய விதம் எனக்கு இன்றும் கசப்பு.

ஆனால் டிசம்பர் வேறு கதை. சப்போரோ அக்கா சொன்னதற்கு நேர் எதிர். பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டு போட்டுவிடுவார்கள். மூங்கிலும் தாளும் வைத்துச் செய்த நட்சத்திர விளக்கு, பரோல், வீட்டுக்கு வீடு தொங்கும். டிசம்பர் 16-இலிருந்து ஒன்பது நாள் கத்தோலிக்கர்கள் விடிவதற்குள் பூசைக்குப் போவார்கள். எங்களுக்கு அந்தப் பூசை கிடையாது, ஆனால் அவர்கள் திரும்பி வரும்போது தெருவில் விற்கிற புத்தோ பும்போங், அரிசியை மூங்கில் குழலில் அவித்தது, நம் புட்டுக்குச் சொந்தக்காரன், அதைச் சாப்பிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. சாயங்காலமானால் சின்னப் பிள்ளைகள் சோடா மூடியைத் தட்டையாக்கிக் கம்பியில் கோர்த்துத் தட்டிக்கொண்டு வாசலில் வந்து பாடுவார்கள். நாங்கள் மற்றவர் கதவைத் தட்டப் போனால், எங்கள் கதவை இவர்கள் தட்டுவார்கள். சில்லறை கொடுத்தே மாதச் செலவுப் பணம் கரைந்தது.

24-ஆம் தேதி இரவு எல்லா வீட்டிலும் விருந்து. நாங்கள் நேரத்தோடு அறைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் மூன்று குடும்பங்கள் மதியத்திலேயே சமைத்துவிட்டன. மூன்று வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும். வாழைப்பழக் கெட்சப் போட்ட இனிப்பு ஸ்பகெட்டி, பன்சித் நூடுல்ஸ், மூன்றாவது வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை. அவர்களில் ஒரு குடும்பம் தகரக் கூரை வீட்டில் இருந்தது. புயலில் ஒரு பக்கச் சுவர் போய் பிளாஸ்டிக் விரிப்பு கட்டியிருந்தார்கள். கோழி அடித்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? துணைவன், அதான் அந்தப் பேசாத பையன், அவன் ஊர் யூட்டா, அன்று அந்த வீட்டில் கரோக்கே மைக்கை வாங்கிக் கிறிஸ்துமஸ் பாட்டு பாடினான். சுருதியே சேரவில்லை. அந்த வீட்டுப் பாட்டி எழுந்து ஆடினார்.

மறுநாள் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா அழுதார், நான் அழவில்லை. போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் அவன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அந்த வருடம் அவன் பாட்டி இறந்துபோயிருந்தார், இவன் போகவில்லை. எனக்கு அது அன்றுவரை தெரியாது. அதன்பிறகு நாங்கள் சண்டை போடவில்லை என்று சொல்லமாட்டேன், போட்டோம். ஆனால் பேசிக்கொண்டு சண்டை போட்டோம்.

அண்ணே, நீங்கள் கேட்டது நியாயம். நான் திரும்பப் போவேனா என்றால் போவேன். என் மகனை அனுப்புவேனா என்றால், அவன் கேட்டால்தான்.

சப்போரோ, ஜப்பான்

எல்லாருக்கும் நன்றி. ஸ்டுட்கார்ட் நண்பரே, உங்கள் கேள்வியை அந்த ஐடஹோ பையனிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, இங்கே வராமல் இருந்திருந்தால் உங்களுக்கு வாசல் பனியைத் தள்ள ஆளில்லை என்றார். பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்று நினைக்கிறேன். பிறகு அவருக்கும் இடமாற்றம் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டார், இப்போது வேறு இருவர் இருக்கிறார்கள்.

ஜப்பானில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். கிறிஸ்துமஸ் அன்று சபைக் குடும்பங்கள் யாராவது அவர்களை அழைத்துவிடுவார்கள். அழைக்க வேண்டுமென்றால் ஜனவரி முதல் மூன்று நாளில் அழையுங்கள். ஏதாவது கொடுக்க நினைத்தால் கம்பளிக் காலுறையும், சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற கைரோ சூட்டுப் பொட்டலமும் கொடுங்கள், பொம்மையும் இனிப்பும் அவர்களிடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கும். நாங்கள் இந்த முறை ஜனவரி 1 மதியத்துக்குச் சொல்லியிருக்கிறோம். கணவர் வீட்டில் இருக்கிறார், அதனால் உள்ளேயே வரலாம். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பக்கத்து வீட்டு அம்மாவின் பிள்ளைகள் இந்த வருடம் ஓசாகாவிலிருந்து வரவில்லையாம், தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே புளி தீர்ந்துவிட்டது, சப்போரோவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.