நானோடார்சி பாறையில் ஃபிராக்: மணலைக் கூட்டியும் உற்பத்தி ஏறவில்லையே?

சிப்புட் பையன்:
வணக்கம். வீடு சுங்கை சிப்புட் தோட்டப்புறம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோலியப் பொறியியல் கடைசி வருடம். கனடாவின் மோன்ட்னி பாறையைத்தான் ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன், நம் பெட்ரோனாஸ் அங்கே எரிவாயு எடுப்பதால் ஓர் ஆசை. மாடலில் ஊடுருவுதிறன் (பாறை வழியே வாயு நகரும் எளிமை) 200 நானோடார்சி, அதாவது மிக மிகக் குறைவு. கிடைக்கிணறு, ஒரு கட்டத்துக்கு (ஒரே தடவையில் பம்ப் செய்யும் கிணற்றுப் பகுதி) 8 கிளஸ்டர் (கிணற்றுக் குழாயில் போடும் துளைக் கொத்து), கிளஸ்டருக்கு 6 துளை. ஃபிராக்கில், அதாவது பாறையைப் பிளக்க அழுத்தி அனுப்பும் தண்ணீரையும், பிளவு மூடாமல் தாங்கும் மணலையும் இரண்டு மடங்காக்கிப் பார்த்தேன், உற்பத்தி கொஞ்சம்தான் ஏறுகிறது. எங்கே கோட்டை விடுகிறேன்? லீவில் வந்திருக்கிறேன், இங்கே கேட்க ஆள் இல்லை.

பம்ப்காரன், தெலுக் இந்தான்:
தம்பி, அல்பர்ட்டாவில் சில வருடம் ஃபிராக் குழுவில் இருந்தவன் சொல்கிறேன். மொத்த மணலைப் பார்க்காதே, அது எந்தக் கிளஸ்டருக்குப் போகிறது என்று பார். முதலில் திறந்த பிளவு அகலும்போது பக்கத்துப் பாறையை நெருக்கும், நடுவில் இருக்கிற கிளஸ்டர் வாயே திறக்காது, நீ கூட்டி அனுப்பியதெல்லாம் ஏற்கெனவே குடித்தவனுக்கே போய்ச் சேரும். இந்த மாதிரிப் பாறையில் வாயு பிளவு வரைக்கும் மெதுவாகத்தான் நகர்ந்து வரும், அதனால் ஒரு பிளவைக் கொழுக்க வைத்து லாபமில்லை, பாறையைத் தொடும் பரப்புதான் வேண்டும். துளைகளைக் குறைத்துப் பார். துளையில் விழும் அழுத்தம் ஓட்டத்தின் இருமடிக்கு ஏறும், விட்டத்தின் நான்மடிக்கு இறங்கும், ஆகவே துளை குறைந்தால் ஒருத்தனே முழுதும் குடிக்க முடியாது. ஆனால் மணல் துளையை அரித்துப் பெரிதாக்கும், அதையும் மாடலில் சேர்.

மண்ணியல் அக்கா:
கிணறு எந்தத் திசையில் போகிறது என்று சொல்லவே இல்லையே தம்பி? பிளவு மிகக் குறைந்த தகைவுக்கு (பாறையை நெருக்கும் அழுத்தம்) செங்குத்தாகத்தான் திறக்கும், கிடைக்கிணறு அந்தக் குறைந்த கிடைத் தகைவின் திசையிலேயே போனால்தான் ஒவ்வொரு பிளவும் கிணற்றைக் குறுக்கே வெட்டி நிற்கும். இதுவும் ரப்பர் மரம் மாதிரிதான், எங்கள் அம்மா கித்தா (ரப்பர்) வெட்டியவர். பால்குழாய்கள் மரத்தில் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறும், அதனால்தான் இடது மேலிருந்து வலது கீழாக உளியை இழுப்பார், அதே நீள வெட்டில் அதிகக் குழாய் அறுபடும். திசை தவறினால் எவ்வளவு ஆழமாக வெட்டியும் பால் குறைவுதான், மரமும் கெடும்.

பம்ப்காரன், தெலுக் இந்தான்:
அக்கா சொன்னது முக்கியம். அப்புறம் மணல்மணியின் பருமன், அதைத் தூக்கிப் போகும் திரவம். கெட்டி ஜெல் மணலை நன்றாகத் தூக்கிப் போகும், ஆனால் அது கொத்தவரை விதைப் பிசின், முழுதாக உடையாமல் மிச்சம் பிளவை அடைக்கும். 1990களின் கடைசியில் டெக்சாஸ் பார்னெட் பாறையில் கெட்டி ஜெல் இல்லாத மெல்லிய தண்ணீர் வென்றது, செலவும் குறைந்தது. ஆனால் மெல்லிய தண்ணீரில் மணல் சீக்கிரம் அடியில் படியும், அதனால் 100 மெஷ் (மெஷ் என்பது சல்லடை எண், எண் கூடினால் மணல் பொடி), பொடியுப்பு மாதிரி, விரலில் தேய்த்தால் மாவாகத் தெரியும், அதை முதலில் அனுப்பி அதைவிடப் பருமனான 40/70 மெஷ் மணலைப் பின்னால் விடுவோம். பாறையில் களிமண் அதிகமென்றால் பிளவு நெருக்கும்போது மணல்மணி பாறைக்குள் புதையும், அதனால் உற்பத்தி தொடங்கும்போது கிணற்றை ஒரேயடியாகத் திறந்துவிடாதே.

சிப்புட் பையன்:
நன்றி அண்ணே, அக்கா. கிணறு 40 டிகிரி விலகித்தான் இருந்தது, சரி செய்தேன். துளையை 6-லிருந்து 2 ஆக்கினேன், நடுக் கிளஸ்டர்களிலும் இப்போது மணல் நுழைகிறது. துளை அரிப்பை இன்றிரவு சேர்த்து ஓட்டிவிட்டு வரைபடம் போடுகிறேன்.