தத்துவமும் சமயமும் படிச்சவங்களே, இன்னும் உறுத்துற ஒரு வகுப்பைச் சொல்லுங்க

கடைசிவரிசை
சமயத் தத்துவம் பேப்பர். தீமைச் சிக்கல், அதான் எல்லாம் வல்ல நல்ல கடவுள் இருந்தா தீமை ஏன்ங்கிறது, எல்லாருக்கும் தெரியும், மேல விளக்கலை. எங்க சாருக்கு ஒரு பழக்கம்: நம்பாதவனுக்குக் கடவுளை நிறுவுற வேலை, நம்புறவங்களுக்கு மறுக்கிற வேலை. கடவுள்ங்கிற கருத்தை வச்சே கடவுள் இருக்கார்னு வாதிட்ட ஆன்செல்ம் எனக்கு வந்துச்சு, ஏதோ ஒப்பேத்தினேன். வகுப்பிலேயே பக்தி ஜாஸ்தியான பொண்ணுக்கு தீமை இருக்கிறதால அப்படிப்பட்ட கடவுள் இருக்க முடியாதுன்னு வாதிடுற மேக்கியோட 1955 கட்டுரை. கையில இருந்த தாளை அவ பார்க்கவே இல்லை. தீமைக்குக் காரணம் மனுஷனோட சுதந்திர விருப்பம்னு யாரோ ஆரம்பிக்கிறதுக்குள்ள, "எப்பவும் நல்லதையே தேர்ந்தெடுக்கிற சுதந்திரமான மனுஷங்களை அவர் ஏன் படைக்கலை?"ன்னு போட்டா ஒரு போடு. யாருக்கும் வாய் வரலை. சார் "சரிம்மா, இதுக்கு உன் பதில் என்ன?"ன்னார். "எனக்குக் கொடுத்தது இந்தப் பக்கம்தானே சார்"னு உட்கார்ந்துட்டா. குரல்ல வீம்பும் இல்லை, நடுக்கமும் இல்லை. அவகிட்ட பதில் இருந்துச்சா இல்லையாங்கிறது இன்னும் மண்டையைக் குடையுது.

பூர்வபட்சி
சுதந்திர விருப்பத்தை வச்சே மேக்கிக்குப் பதில் எழுதின ப்ளாண்டிங்காவை அவங்க படிச்சிருப்பாங்க, விடுங்க.

என்னோடது சார்வாகம் வகுப்பு, அதான் கடவுள், மறுபிறப்பு எதையும் ஏத்துக்காத பழைய இந்தியப் பொருள்முதல்வாதம். 14ஆம் நூற்றாண்டு மாதவர் பல தத்துவங்களையும் தொகுத்த சர்வதரிசன சங்கிரகத்தை வச்சுத்தான் பாடம். "கடன் வாங்கியாவது நெய் குடி" வந்ததும் எல்லாரும் சிரிச்சோம். வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒருத்தன் எழுந்தான். "சார், எழுதினவர் அத்வைதி. மறுக்கிறதுக்காகத்தான் முதல்ல இதைச் சொல்றார். அப்ப நாம படிக்கிறது சார்வாகமா, எதிராளி சொன்ன சார்வாகமா?" சார் புத்தகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் "பரீட்சைக்கு இது போதும்"னார். அந்த வாக்கியத்தை என்னால மன்னிக்கவே முடியலை. அவங்க சொந்தமா எழுதினது ஒண்ணுகூட மிஞ்சலை, அதையாவது சொல்லியிருக்கலாம்.

கணக்கன்
"ஒண்ணுகூட மிஞ்சலை"யா? சார்வாகர்னு சொல்லப்படுற ஜயராசி பட்டரோட தத்துவோபப்லவசிம்மம் 1940லயே அச்சாகிடுச்சு நண்பா. அதோட, எதிராளி சொன்னதாலேயே பொய் ஆகிடாது. மணிமேகலை 27ஆம் காதை பௌத்தர் எழுதினதுதான். அதுல பூதவாதி, எல்லாமே பூதங்கள்தான்ங்கிறவன், தன் கட்சியை நேராத்தானே சொல்றான்? கண்ணால காண்பதுதான் பிரமாணம், அதாவது அறியுற வழிங்கிறான். அனுமானம் இல்லாம உன் அம்மா அப்பாவை எப்படி அறிவாய்னு மணிமேகலை மடக்குறா.

இதைச் செமினார்ல நான் வாசிச்சப்ப, அந்த இடத்துல வகுப்பே கைதட்டுச்சு. முன்வரிசையில ஒரு பொண்ணு மட்டும் தட்டலை. "நான் தத்துப் பிள்ளை. பத்தாவது படிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. என் அனுமானம் தப்பாத்தான் இருந்துச்சு. பூதவாதி பக்கம் ஒரு மார்க் போடுங்க"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அடுத்த பாட்டை வாசிக்க எனக்கு நாக்கு எழலை.

பூர்வபட்சி
ஜயராசி கண்ணால காண்கிற பிரத்தியட்சத்தையே விட்டு வைக்கலையே, அவர் எப்படிச் சார்வாகர் ஆவார்? அறிஞர்களே அடிச்சுக்கிறாங்க. தத்துப் பிள்ளை கதைக்கு மட்டும் கும்பிடு.

தெளிவுரை
வணக்கம். நான் சமயவியல் முதுகலை. முதல் நாளே விரிவுரையாளர், "உங்கள் நம்பிக்கையை வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்றார். துறவிகளின் துவராடை அணிந்த மாணவர் ஒருவர் எழுந்து, ஆடையைத் தொட்டுக் காட்டி, "இதையுமா ஐயா?" என்றார். விரிவுரையாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். பௌத்த அறிஞர் நாகார்ச்சுனரின் காரிகையை உரையில்லாமல் தொடாதீர்கள். சூனியம் என்றால் ஒன்றுமே இல்லை என்று எழுதிவிட்டு வருவீர்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கையை ஆராயும் பரபக்கத்தைத் தாண்டி, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு ஓடாதீர்கள். அருணந்தி சிவாசாரியார் பிறர் கட்சியை முன்னால் நிறுத்தியது சும்மா அல்ல. "சங்கரர் சொன்னார்" என்று எழுதுமுன் எந்த நூலில் என்று பாருங்கள், அவர் பெயரில் வழங்குவதெல்லாம் அவருடையதல்ல. நினியன் ஸ்மார்ட் 1967இல் லங்காஸ்டரில் சமயவியல் துறையைத் தொடங்கியவர். சடங்கு, கதை, அனுபவம் என்று அவர் பிரித்த பரிமாணங்கள் கட்டுரைக்குக் கைகொடுக்கும்; அதற்காக எல்லாச் சமயத்தையும் ஒரே படிவத்தில் நிரப்பாதீர்கள். தர்க்கம் ஒரு பேப்பராவது எடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் விவாதத்துக்குப் போகாதீர்கள், அவர்கள் பாடத்தில் சேரவில்லை.

கடைசிவரிசை
அறிவுரை யாரும் கேட்கலீங்களே ஐயா. அந்தத் துவராடைக்காரர் அப்புறம் என்ன ஆனார்?

தெளிவுரை
நினைவில்லை. ஒன்று விட்டுப்போயிற்று: அடிக்குறிப்பை அன்றன்றே எழுதி வையுங்கள்.

ஓரத்துநாற்காலி
என்னோடது வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூமைப் பத்தி, "ஹியூம் நாத்திகரா?"ன்னார். கரைச்சுக் குடிச்சிருந்தேன், கொட்டிட்டேன்: இயற்கைச் சமயம் பத்தின உரையாடல்களை அவர் உயிரோட இருக்கிறப்ப வெளியிடலை, 1776ல இறந்தார், 1779லதான் வந்துச்சு. அதுல வர்ற சந்தேகவாதி ஃபைலோதான் ஹியூம்னு பலரும் சொல்றாங்க. ஆனா கடைசிப் பகுதியில ஃபைலோவே இறங்கி வர்றான், கதை சொல்றவனோ கடவுளுக்காக வாதாடுற கிளியாந்தஸ்தான் உண்மைக்குக் கிட்டன்னு முடிக்கிறான். அதனால தீர்ப்புச் சொல்ல முடியாது சார்னேன்.

அவர் பேனாவை மூடினார். "அது இருக்கட்டும், நீங்க?"

"பாடத்திட்டத்துல இல்லை சார்"னேன். வாய்விட்டுச் சிரிச்சு நல்ல மார்க்கே போட்டார். வெளியே வந்தா, அடுத்து உள்ளே போக வேண்டியவன் கையைப் பிடிச்சு "என்னடா கேட்டார்?"ன்னான். ஹியூம்னு மட்டும் சொன்னேன்.