பையனுக்கு ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க, தென்காசி பக்கம் என்ன உதவி கிடைக்கும்?

கடையநல்லூர்_அம்மா:
வணக்கம். என் பையனுக்கு நாலு வயசு ஆகப்போகுது. கூப்பிட்டா திரும்ப மாட்டான், பேச்சு இன்னும் வரல, வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் காட்டுவான் அவ்ளோதான். மதுரையில ஒரு டாக்டர்ட்ட காட்டினோம், ஆட்டிசம்னு சொல்லி ஸ்பீச் தெரபி, ஓ.டி (அன்றாட வேலைகளைப் பழக்கிக் குடுக்கிற ஆக்குபேஷனல் தெரபி) ரெண்டும் வாராவாரம் குடுக்கணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்க அப்பா சவுதியில இருக்காங்க, இங்க நானும் மாமியாரும்தான், சின்னது ஒண்ணு கைக்குழந்தை வேற. வாராவாரம் மதுரைக்கு தூக்கிட்டுப் போய்ட்டு வர என்னால முடியல, பிரைவேட் பீஸும் கட்டுப்படியாகல. மாமியார் "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், சும்மா விடு"ங்காங்க. பக்கத்துல கவர்மெண்டுல ஏதாவது இருக்கா, இதே மாதிரி பிள்ளைங்க இருக்கிற அம்மாங்க யாராவது இருக்கீங்களா, கொஞ்சம் சொல்லுங்க.

நெல்லை_அப்பா:
தங்கச்சி, முதல்ல டி.இ.ஐ.சி போங்க, பிள்ளைங்களோட வளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டுபிடிச்சு தெரபி குடுக்கிற கவர்மெண்ட் மையம் அது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இல்ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில இருக்கும், 18 வயசு வரைக்கும் பாப்பாங்க, காசு கிடையாது. எல்லா நாளும் எல்லா தெரபிஸ்டும் இருக்கமாட்டாங்க, யார் எந்தக் கிழமை வாராங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க, இல்லன்னா கைக்குழந்தையோட போய் சும்மா திரும்ப வேண்டியிருக்கும். அப்புறம் உங்களுக்குப் பக்கத்துலயே ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு, 1981ல ராமகிருஷ்ணன் சார் ஆரம்பிச்சது, அவரே கழுத்துக்குக் கீழ செயலிழந்து வீல்சேர்ல இருந்துட்டுத்தான் இவ்வளவையும் கட்டி எழுப்பினாரு. அவங்களோட பெரிய பலமே கிராமத்துப் பணியாளர்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து வீட்டுக்கே அனுப்புறதுதான், பிள்ளைக்கு மட்டுமில்ல அம்மாவுக்கும் பாட்டிக்கும் உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க. உங்க ஊருக்கு ஆள் வருதான்னு நேர்ல போய் விசாரிங்க. உங்க நிலைமைக்கு இது மாதிரி வீடு தேடி வர்றதுதான் சரியா வரும்னு நான் நினைக்கேன்.

பேப்பர் விஷயமும் இப்பவே ஆரம்பிச்சுருங்க. ஐ.எஸ்.ஏ.ஏ-ன்னு ஆட்டிசத்தை அளக்கிற ஒரு டெஸ்ட் வச்சு பாதிப்பு எத்தனை சதவீதம்னு போடுவாங்க, 40 இல்ல அதுக்கு மேல இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை கிடைக்கும், யு.டி.ஐ.டி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, ஆன்லைன்ல போடணும். அது கைக்கு வந்ததும் நேஷனல் டிரஸ்டுங்கிற மத்திய அரசு அமைப்போட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் எடுங்க, ஒரு லட்சம் வரை கவர், தெரபி செலவுக்கும் ஒரு பங்கு கிளெய்ம் பண்ணலாம், பில் ஒண்ணு விடாம பத்திரப்படுத்துங்க. ஆனா கார்டு வரட்டும்னு தெரபியை நிறுத்தி வைக்காதீங்க, இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்.

சிறப்பாசிரியை:
நான் வட்டார வள மையத்துல வேலை பாக்குறேன் மா, கவர்மெண்ட் பள்ளிக்கல்வித் துறையோட ஒன்றிய அளவு மையம் அது. பள்ளிக்கூடத்துல சேர்க்கிற வயசு வரும்போது உங்க வட்டார வள மையத்துல வந்து பெயரைப் பதிஞ்சிருங்க, எங்ககிட்ட சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் உண்டு, ஸ்கூலுக்கு வரவே முடியாத பிள்ளைங்களுக்கு வீட்டுக்கே போய் சொல்லித் தர்றோம். எந்த கவர்மெண்ட் ஸ்கூலும் இந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்ல முடியாது, 2016 சட்டத்துல ஆட்டிசம் பேர் சொல்லியே இருக்கு, 6லிருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி அவனோட உரிமை. அதுவரைக்கும் அங்கன்வாடிக்கு அனுப்புங்க, கொஞ்ச நேரம்னாலும் மத்த பிள்ளைங்க நடுவுல இருக்கட்டும்.

வீட்டுல ஒண்ணு செய்யுங்க. அவன் கையைப் பிடிச்சு இழுக்கும்போது உடனே எடுத்துக் குடுத்துராதீங்க, பொருளை உங்க முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு "தண்ணி"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு கொஞ்சம் காத்திருங்க, பார்வை உங்க பக்கம் வந்தாலே குடுத்துருங்க, சத்தம் வரணும்னு அவசியம் இல்ல. குளிக்க, சாப்பிட, செருப்பு போடன்னு நாள் பூரா இது நடக்கும், வாரத்துல முக்கால் மணி நேரம் தெரபில நடக்கறதை விட இது அதிகம். டம்ளர், தட்டு, கதவு இதெல்லாம் போட்டோ எடுத்து அட்டையில ஒட்டி வைங்க. போட்டோ காட்டிப் பழகினா பேச்சு வராமப் போயிரும்னு சிலர் சொல்வாங்க, அது உண்மை இல்ல, நம்பாதீங்க.

தாமிரபரணி_அக்கா:
என் மகளுக்கு இப்ப 14 வயசு மா. இவங்க சொன்னது எல்லாம் சரி, நான் உங்களைப் பத்தி மட்டும் பேசுறேன். தெரபிக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிற அம்மாங்ககிட்ட பேசுங்க, நாங்க அப்படித்தான் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சோம், இன்னிக்கு வரைக்கும் எங்களை நிமிர்த்தி வச்சிருக்கறது அதுதான். எந்த சலூன்ல பொறுமையா முடி வெட்டுவாங்க, எந்த பல் டாக்டர் திட்டமாட்டாரு, கோயில் கொடைக்கு வெடி போடுற நாள்ல பிள்ளையை எங்க கூட்டிட்டுப் போகலாம், இதெல்லாம் எந்த ஆபீஸ்லயும் சொல்லமாட்டாங்க. ஒருத்தி காய்ச்சல்ல படுத்தா இன்னொருத்தி போய் பிள்ளையைப் பாத்துக்குவா. குற்றாலம் சீசன்ல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலையிலேயே எல்லாப் பிள்ளைங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போவோம், அங்க யாரும் முறைச்சுப் பாக்கறதுக்கு இல்ல, தண்ணியில அதுங்க சந்தோஷத்தைப் பாக்கணுமே.

மாமியார்கிட்ட சண்டை போடாதீங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை கூடவே கூட்டிட்டுப் போங்க. வீட்டுல இன்னொரு ஜோடி கை உங்களுக்கு அவசியம் வேணும்.

கடையநல்லூர்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சதும் அழுகை வந்துட்டு. வர்ற திங்கள் ஆய்க்குடி போறேன், அத்தையும் வாரேன்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம், மதுரையில குடுத்த ரிப்போர்ட்டை இங்க ஒத்துக்குவாங்களா இல்ல முதல்ல இருந்து டெஸ்ட் எடுக்கணுமா?

நெல்லை_அப்பா:
ரிப்போர்ட்டைக் கண்டிப்பா கொண்டு போங்க மா, தெரபி ஆரம்பிக்க அது உதவும். ஆனா மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில அவங்களே பாத்துத்தான் சதவீதம் போடுவாங்க. ஆதார், போட்டோ, எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. பையன் கையில பிடிச்ச சாமான் ஏதாவது குடுத்துக் கூட்டிட்டுப் போங்க, காத்திருக்கிற நேரம் நீளும்.